இருபத்திரண்டு கூடாரங்களுக்கு ஒரு வரைபடம்

பூபாலனுக்குக் கோடு என்றால் நேராக இருக்க வேண்டும். ஆவடியில் ராணுவ வண்டி செய்கிற தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் வரைபடம் போடுகிற டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தோசை வட்டமாக வராவிட்டால்கூட முகத்தைச் சுளிப்பார். "துன்னப் போறீங்களா, அளக்கப் போறீங்களா?" என்று அவர் மனைவி சரசா கேட்காத நாள் கிடையாது. இப்பேர்ப்பட்ட மனுஷன் கையில் அரை ஏக்கர் காலி நிலத்தையும் ஒரு வெள்ளைத் தாளையும் கொடுத்தால் என்ன நடக்குமோ, அதுதான் கள்ளிக்குப்பத்தில் நடந்தது.

அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியில் மூன்று பிளாக், தொண்ணூற்றாறு வீடு. பின்பக்கம் சுற்றுச்சுவருக்குள் அந்த அரை ஏக்கர் சும்மா கிடந்தது. கிளப் ஹவுஸ் கட்டித் தருகிறேன், நீச்சல் குளம் வெட்டித் தருகிறேன் என்று வாய் நிறையச் சொன்ன பில்டர் போன திசை தெரியவில்லை. எட்டு வருஷமாக அங்கே முள்ளுச் செடிதான் வளர்ந்தது. ஓரத்தில் ஒரு புங்க மரம் யாரும் நடாமலே முளைத்து நின்றது.

மாசி மாதத்தின் தொடக்கத்தில் ஒரு காலை, சரசா ஒரு பெண்ணை வீட்டுக்குள் அழைத்து வந்து பூபாலனுக்கு எதிரில் உட்கார வைத்தாள். பானுப்பிரியா. அம்பத்தூர் ஸ்டேஷன் வாசலில் பாசிமணியும் ஊக்கும் ஹேர்பின்னும் விற்கிற நரிக்குறவர் இனத்துப் பெண். பத்து வருஷமாக சரசா ஹேர்பின் வாங்குவது அவளிடம்தான், ஊர் வம்பு கேட்பதும் அவளிடம்தான். பூபாலனை மட்டும் அவள் 'சாமி' என்றுதான் கூப்பிடுவாள். அவரும் தலையை ஆட்டிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொள்வார்.

"விசயத்தச் சொல்லு" என்றாள் சரசா.

"சாமி, எனக்கு மூணு பொண்ணு" என்று ஆரம்பித்தாள் பானுப்பிரியா. "ரெண்டு பொண்ணு கல்யாணமும் மாப்ள ஊட்டுக்காரங்க ஊர்லதான் ஆச்சு. வர்ற சனத்த உக்கார வெக்க எனக்கு எடம் இல்ல. எங்க சனத்துல கல்யாணம்னா ஒரு வேள சோத்தத் துன்னுட்டுப் பூட மாட்டாங்க. கூடாரத்தோட வந்து எட்டு நாள் இருப்பாங்க. முன்ன பாடி பக்கம் ஒரு மைதானம் இருந்துச்சு, இப்போ அங்க லாரி நிக்குது. ஏரிக்கரையில வேலி போட்டுட்டாங்க. இது கடைசிப் பொண்ணு, தீபிகா. மாப்ள தேவா, வந்தவாசிக்காரங்க. மாப்ளையோட அம்மா சொல்லிட்டாங்க, 'எடம் இருந்தா ஒன் ஊரு, இல்லாட்டி எங்க ஊரு'னு. எடமில்லாதவ, எடமில்லாதவன்னு ரெண்டு தபா பேர் வாங்கிட்டேன் சாமி. இந்தக் கல்யாணமாவது என் வாசல்ல நடக்கணும்."

சொல்லி முடித்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பூபாலன் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். பெண்ணைப் பெறாதவர், ஒரே பையன், அவனும் கல்யாணமாகி வேளச்சேரியில் இருக்கிறான். ஆனால் வாசல் இல்லாமல் கல்யாணம் பண்ணுகிறவளின் வருத்தம் புரிவதற்குப் பெண்ணைப் பெற்றிருக்க வேண்டியதில்லையே.

"பின்னாடி நெலம் சும்மாதானே கீது" என்றாள் சரசா. சும்மா சொன்ன மாதிரிதான் சொன்னாள். முப்பத்தொன்பது வருஷம் குடித்தனம் பண்ணியவள், எந்த ஆணியை எங்கே அடிக்க வேண்டுமென்று அவளுக்குத் தெரியாதா?

அடுத்த ஞாயிறு குடியிருப்போர் சங்கத்தின் கூட்டம். அட, அன்று பார்க்க வேண்டுமே! எட்டு வருஷமாக அந்த மண்ணில் ஒரு செடி நடுவதற்கு யாருக்கும் கை வரவில்லை. எட்டு நாள் நான்கு பேர் தங்க வருகிறார்கள் என்றதும் அந்த மண்மேல் ஆளாளுக்குப் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளைகள் விளையாட வேண்டும் என்றார் ஒருவர். அவருக்குப் பிள்ளையே கிடையாது. சத்தம் வரும் என்றார் இன்னொருவர். விடிய விடிய டிவி அலறுவது அவர் வீட்டில்தான்.

சங்கத்தின் பொருளாளர் ரவிச்சந்திரன் மட்டும் நியாயமாகப் பேசினார். கோயம்புத்தூர்க்காரர், ஐடி கம்பெனியில் வேலை, எதையும் விதிப்படி செய்ய வேண்டுமென்கிற ஆள். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க. ஆனா ஒரு முறை வேணுமில்லீங்களா? போன வருஷம் தீபாவளிக்கு நாமளே பந்தலக் குறுக்கால போட்டோம். நல்ல வேளை, ஒண்ணும் ஆகல. தீயணைப்பு வண்டி உள்ள வர்றதுக்குப் பன்னெண்டு அடி வழி விடோணும். எந்தக் கூடாரம் எங்கேன்னு வரைபடம் வேணும். அதுல இருக்கிறபடி இல்லீன்னா அன்னிக்கே காலி பண்ணச் சொல்லிருவோணும்."

பூபாலன் எழுந்து நின்றார். "வரைபடம் நான் போடறேன்" என்றார்.

அவ்வளவுதான், கூட்டமே அடங்கிவிட்டது. பூபாலன் போடுகிற படத்தில் குறை சொல்ல அந்தக் குடியிருப்பில் யாருக்கும் தைரியம் கிடையாது. அவர் வரைந்து கையெழுத்திடும் வரைபடத்தின்படி எட்டு நாளைக்கு இருபத்திரண்டு கூடாரம் என்று தீர்மானம் எழுதினார்கள். தண்ணீர் லாரிக்கும் நடமாடும் கழிப்பறைக்கும் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் விண்ணப்பம் போனது. அங்கிருந்து லாவண்யா என்ற அதிகாரி கல்யாணத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து விழுந்தால்தான் யாரும் அங்கே தங்கலாம்.

பத்து நாள் பூபாலன் சாப்பாட்டு மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. நேர்கோடு போடுகிற பழைய டி-ஸ்கொயர் பரணிலிருந்து இறங்கியது. பதினொன்று பதினொன்றாக இரண்டு வரிசை, நடுவில் பன்னிரண்டு அடிப் பாதை, வாசல்கள் எதிரும் புதிருமாக. ஆவடி குவார்ட்டர்ஸை அப்படியே சின்னதாக்கி வைத்த மாதிரி இருந்தது. முள்ளை வெட்டித் தரையைச் சீர் செய்ததும், அதே அளவில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஒவ்வொரு கட்டத்திலும் நம்பர் எழுதினார். இரண்டாவது மாடி பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு, "பரீட்ச ஹாலு மாதிரி கீது" என்றாள் சரசா. அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

யாருக்கு எந்த நம்பர் என்பதில்தான் அவர் சறுக்கினார். சங்கத்தில் கார் நிறுத்துகிற இடத்தைப் பிரிக்க ஒரு வழக்கம் இருக்கிறது, குலுக்கல். மாவு டப்பாவில் சீட்டைப் போட்டுக் குலுக்கிவிட்டால் யார்மேலும் பழி வராது. சண்டை போடுகிறவர்கள் கடவுளோடு போட்டுக்கொள்ளட்டும். அதையே இதற்கும் செய்தார். வியாழக்கிழமை பானுப்பிரியாவை வரவழைத்து, குடும்பத்துக்கு ஒரு சீட்டாக எடுக்கச் சொன்னார். இடம் கிடைத்த சந்தோஷத்தில் இருந்த அவளும் சிரித்துக்கொண்டே இருபத்திரண்டு சீட்டையும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். எந்த நம்பருக்கு எதிரே எந்த நம்பர் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வண்டிகள் வந்தன. ஏழெட்டுக் 'குட்டி யானை' மினி லாரி, நாலைந்து பைக், ஒரு ஷேர் ஆட்டோ. தார்ப்பாய் மூட்டையும் மூங்கில் கழியும் பாத்திரமும் பிள்ளைகளும் சேவலும் சேர்ந்து இறங்க, வாட்ச்மேன் கேட்டைத் திறந்தவர் திறந்தபடியே நின்றுவிட்டார். வந்தவாசியிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் வாலாஜாவிலிருந்தும் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு போட்ட சத்தத்தில் மூன்று பிளாக்கின் ஜன்னலும் திறந்துகொண்டது. கல்யாணப் பெண் தீபிகா ஓடி ஓடி எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள். பூபாலன் வெள்ளைச் சட்டை போட்டு, சட்டைப் பையில் வரைபடத்தை மடித்து வைத்து, பட்டியலை உரக்கப் படித்தார். அவரவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவரவர் நம்பருக்குப் போனார்கள்.

போனவர்கள் அப்படியே நின்றார்கள். ஒருவரும் முளை அடிக்கவில்லை. எதிர் வரிசையைப் பார்ப்பது, தலையைக் குனிந்துகொள்வது, தங்கள் பாஷையில் குசுகுசுவென்று பேசுவது. பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது நிமிஷம் ஆயிற்று.

"இன்னாமா, ஏன் நிக்கிறீங்க? அடிங்க முளைய!" என்றார் பூபாலன்.

ஏழாம் நம்பரில் நின்ற பானுப்பிரியா பக்கவாட்டில் நடந்து வந்தாள். "சாமி, எனக்கு ஏழு. எனக்கு நேரா பதினெட்டு. அது யாருக்குத் தெரியுமா? மாப்ள தேவாவுக்கு."

"இருக்கட்டுமே!"

"மாமியா வாசலும் மருமவன் வாசலும் மூஞ்சிக்கு மூஞ்சி இருக்கக் கூடாது சாமி. எங்க வகையறாவுல அது பெரிய தப்பு. காலையில எந்திரிச்சு வெளிய வந்தா அவன் மூஞ்சில நானும் என் மூஞ்சில அவனும் முழிக்கிறதா? மரியாத இன்னாத்துக்கு ஆவும்?"

இவ்வளவுதானா என்று பூபாலனுக்கு மூச்சு வந்தது. "ஒம்போதுக்குப் போயிடு."

"ஒம்போதுக்கு எதிர்ல இருவது. அதுல பெரிய மருமவன் கீறான்."

"சரி, மூணு."

"மூணுக்கு எதிர்ல பதினாலு. ரெண்டாவது மருமவன்."

மூன்று பெண்ணைப் பெற்றவளுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் மருமகன்! அவள் ஒருத்தி கதையென்றால் பரவாயில்லை. இருபத்திரண்டு குடும்பமும் ஒன்றுக்குள் ஒன்று கொண்டு கொடுத்தவர்கள். அவளை நகர்த்தினால் இன்னொருத்தியின் மருமகன் எதிரே வருகிறான். அவனை நகர்த்தினால் வேறொருத்தி கத்துகிறாள். இதற்கிடையில் சாமி மூட்டை, அதாவது குலதெய்வத்தின் பொருள்களைக் கட்டி வைத்த மூட்டை, இருக்கிற குடும்பத்தின் கூடாரம் பன்னிரண்டாம் நம்பரில், வரிசையின் தலைமாட்டில். அந்தத் திசையில் யாரும் காலை நீட்டிப் படுக்கக் கூடாதாம். கட்டத்தின் அளவுக்கு வரிசையின் நீளவாக்கில்தான் படுக்க முடியும்; வடக்கே தலை வைக்கக் கூடாது என்பதால் அந்த வரிசையில் இருந்த மற்றப் பத்துக் குடும்பமும் அந்தப் பக்கம்தான் காலை நீட்ட வேண்டும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது இதுதான்.

மாப்பிள்ளையின் அம்மா குட்டி யானையின் முன் சீட்டிலிருந்து இறங்கவே இல்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வெற்றிலை மென்றாள். பிறகு வெளியே எட்டித் துப்பிவிட்டு, "பானு, நீ இன்னா பண்ணுவ பாவம். பொழுது சாயறதுக்குள்ள வந்தவாசிக்கு வண்டியத் திருப்பிடலாம். ராவுல போய்ச் சேர்ந்தா நாளைக்குப் பந்தல் போட்ரலாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பானுப்பிரியாவைக் கொன்றது. தீபிகா தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பூபாலனுக்கு ஏறியது பாருங்கள் கோபம்! தப்பு தன்னுடையது என்று தெரிந்தவனுக்குத்தானே கோபம் முதலில் வரும். "டிராயிங்னா டிராயிங்தான்!" என்று கத்தினார். "முப்பத்து நாலு வருஷத்துல நான் போட்ட டிராயிங்க எவனும் மாத்தினது இல்ல. இரும்பு டிராயிங்குக்கு வரணும், டிராயிங் இரும்புக்கு வராது. எட்டு நாள்தானே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிகினாதான் இன்னா? எதிர்ல மருமவன் இருந்தா உசுரா பூடும்?"

பதில் சரசாவிடமிருந்து வந்தது. பால்கனியிலிருந்து எப்போது இறங்கி வந்தாளோ.

"ஏங்க, நம்ம மருமவ கார்த்திகா ஊட்டுக்கு வந்தா, இந்த வெயில்லயும் லுங்கிய அவுத்துப் போட்டுட்டு பேன்ட்ட மாட்டிகினு, சட்டையில கழுத்து பட்டன் வரைக்கும் போட்டுகினு, சோபா ஓரத்துல சிலையாட்டம் உக்காந்துகினு கீறீங்களே. அது எந்த டிராயிங்ல கீது?"

சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பூபாலனின் கை கழுத்து பட்டனைத் தொட்டது. உண்மைதானே! போன சித்திரையில் கரண்ட் போய் மூன்று மணி நேரம் வியர்த்து ஊற்றியும் அந்தப் பெண் எதிரில் பேன்ட்டோடுதான் உட்கார்ந்திருந்தார். யாரும் சொல்லவில்லை. உட்காரத் தோன்றியது, உட்கார்ந்தார்.

அவர் சட்டைப் பையிலிருந்து வரைபடத்தை எடுத்தார். பக்கத்தில் ஒரு கார் நின்றது. அதன் பானெட்டின்மேல் விரித்தார். "வா இங்க. யார் எங்க இருக்கலாம், யார் எங்க இருக்கக் கூடாது, சொல்லு."

பானுப்பிரியா படத்தைப் பார்த்தாள். கோடும் அளவும் அவளுக்குப் பிடிபடவில்லை. சற்று யோசித்தவள், தோளில் தொங்கிய பையைத் திறந்து ஒரு கை பாசிமணியை அள்ளித் தாளின்மேல் கொட்டினாள். சிவப்பு மணியை எடுத்துப் புங்க மரத்தை வரைந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "இது நானு." ஒரு ஹேர்பின்னை எடுத்து மணியோடு ஒட்டி, முனை மரத்தைப் பார்க்கிற மாதிரி வைத்தாள். "இது என் வாசலு." நீல மணி ஒன்று, தூரத்தில். "இது தேவா." அதன் ஹேர்பின் வேறு பக்கம் பார்த்தது.

அவ்வளவுதான், பெண்கள் எல்லோரும் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு மணி, ஆளுக்கொரு பின். ஒருத்தி வைத்ததை இன்னொருத்தி விரலால் தள்ளினாள். தள்ளியவளின் கையை மூன்றாமவள் தட்டிவிட்டாள். பாஷை புரியாவிட்டாலும் இரண்டு பேர் சின்னம்மா பெரியம்மா சண்டையைத் தோண்டி எடுக்கிறார்கள் என்பது பூபாலனுக்கு நன்றாகவே புரிந்தது. மஞ்சள் மணியை, சாமி மூட்டையை, வடகிழக்கு மூலையில் தனியாக வைத்தார்கள். அதற்கப்புறம் மற்ற மணிகளெல்லாம் அதற்குக் காலை நீட்டாமல் வளைந்து வளைந்து போய் உட்கார்ந்தன.

"என்னங்க சார் இது, என் கார்மேல?" ரவிச்சந்திரன் மடிக்கணினிப் பையோடு ஓடி வந்தார். மூன்றே கால் ஆகியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றினார். "சார், அப்ரூவ் ஆனது அந்த ரெண்டு வரிசை டிராயிங் இல்லீங்களா?"

"அப்ரூவ் ஆனது பூபாலன் வரைஞ்சு கையெழுத்துப் போட்ட டிராயிங். நான் இன்னும் சாவல, கையும் கீது. எந்த டிராயிங்குக்கும் திருத்தம் உண்டு தம்பி. இது ரிவிஷன் பி" என்றார் பூபாலன். முப்பத்து நான்கு வருஷத்தில் எத்தனை என்ஜினியர்கள் ரிவிஷன் கேட்டு இவரிடம் கெஞ்சியிருப்பார்கள்! அவர்கள் யாராவது அன்று அங்கே இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள்.

"பன்னெண்டு அடி வழி?"

பூபாலன் தாளைப் பார்த்தார். மணிகள் வழியின்மேலும் உட்கார்ந்திருந்தன. "பானு, இந்த வழி மட்டும் எனக்கு வேணும். தீப்புடிச்சா வண்டி வரணும்."

அவள் ஒரு மணிமாலையைப் பல்லால் கடித்து நூலை உருவினாள். கேட்டிலிருந்து புங்க மரம் வரைக்கும் நூலைக் கிடத்தி, "இதுக்குள்ள யாரும் வராதீங்கடி" என்றாள். நூலின்மேல் இருந்த நாலு மணி நகர்ந்தது. நாலு நகர்ந்ததும் எட்டு நகர்ந்தது. பிறகு எதுவும் நகரவில்லை. இருபத்திரண்டு பெண்களும் குனிந்து பார்த்தார்கள். எந்த ஹேர்பின்னும் வேறு எந்த ஹேர்பின்னையும் பார்க்கவில்லை. மாமியார்கள் எல்லோரும் மரத்தைப் பார்த்தார்கள், மருமகன்கள் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள்.

ஒரு பச்சை மணி மட்டும் பானுப்பிரியாவின் உள்ளங்கையில் மிச்சமிருந்தது.

"ஒண்ணு கூடுதலா கீது" என்றார் பூபாலன். எண்ணிக்கை தப்பினால் அவருக்குப் பொறுக்காது.

"கூடுதல் இல்ல சாமி. இது நீயும் அக்காவும். எடம் குடுத்தவங்க எடமில்லாம நிக்கலாமா? கூடாரம் வேணாம், ரெண்டு நாற்காலி போட்டுக்கோ." பச்சை மணியைத் தன் சிவப்பு மணிக்கு இடது பக்கம் வைத்தாள். "என் பொறந்த ஊட்டுக்காரங்க நிக்கிற எடம் இது."

பூபாலன் பென்சிலை எடுத்தார். ஸ்கேல் மேலே வீட்டில் இருந்தது. எடுத்து வர நேரமில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையாலேயே, ஸ்கேல் இல்லாமல், ஒவ்வொரு மணியாக நகர்த்தி, அது இருந்த இடத்தில் கூடாரமும் ஹேர்பின் பார்த்த பக்கம் அம்பும் வரைந்தார். கோடுகள் வளைந்தன. அவருக்கே ஆச்சரியம், நன்றாகத்தான் இருந்தது. கீழே 'ரிவிஷன் பி' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டார்.

நாலு மணிக்கு முளை அடிக்க ஆரம்பித்தார்கள். பத்து நாள் பாடுபட்டுப் போட்ட சுண்ணாம்புக் கோட்டைப் பிள்ளைகள் காலால் தேய்த்துத் தேய்த்து ஆடினார்கள். அழியட்டும் என்று விட்டுவிட்டார் பூபாலன். டேப்பின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையை ரவிச்சந்திரன் பிடித்துக்கொண்டு பாதையின் அகலத்தை முதலிலிருந்து கடைசி வரை அளந்தார். "பன்னெண்டே கால் அடிங்க சார்!" என்று அவர் கத்தியதைக் கேட்டால் ஏதோ அவர் தங்கைக்குத்தான் கல்யாணம் என்று நினைப்பீர்கள். சரசா அண்டாவில் டீ போட்டுக் கொண்டுவந்தாள். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கடைசித் தார்ப்பாய் ஏறியது.

லாவண்யா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். முப்பது வயது இருக்கும். சிரிக்காத முகம். தண்ணீர் லாரியைப் பார்த்தார், கழிப்பறைக் கதவைத் திறந்து பார்த்தார், பாதையில் நடந்து பார்த்தார், கூடாரங்களை எண்ணினார். பானுப்பிரியா அவர் பின்னாலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு போனாள்.

"இருபத்திரண்டு சரி, வழியும் சரி" என்றார் லாவண்யா. பிறகு புருவத்தைச் சுருக்கினார். "ஆனா ஏன் சார், ஒவ்வொண்ணும் கோணல் மாணலா ஒவ்வொரு பக்கம் பாக்குது? வரிசையா போட்டிருக்கலாமே?"

"கோணல் இல்ல மேடம்" என்றார் பூபாலன், படத்தை நீட்டி. கோடு நேராக இல்லாவிட்டால் தூக்கம் வராத மனுஷன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். "ஒவ்வொண்ணும் எந்தப் பக்கம் பாக்கணும்னு அம்பு போட்டுக் காட்டியிருக்கேன். ஒண்ணு திரும்பிச்சின்னாலும் டிசைன் தப்பாயிடும்."

லாவண்யா படத்தையும் நிலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஏழெட்டுக் கூடாரம் சரிபார்த்தார். அம்பு காட்டிய பக்கமே வாசல் இருந்தது. படத்தைக் காரின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுத்தான் சிரித்தார். "ஞாயித்துக்கிழமை சாப்பாடு உண்டா?" என்று கேட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா குட்டி யானையிலிருந்து இறங்கினாள். நேராக நடந்து போய்ப் பானுப்பிரியாவின் கூடாரத்து வாசலில் நின்று, "தண்ணி குடு சம்பந்தி" என்றாள். பானுப்பிரியா சொம்பைக் கொண்டுவந்தாள். ஓடி வந்த வேகத்தில் பாதித் தண்ணீர் சம்பந்தியின் புடவையில் கொட்டியது. இரண்டு பேரும் சிரித்தார்கள். பானுப்பிரியா சிரித்துக்கொண்டே அழுதாள். இடமில்லாதவள் என்று இனி எவன் சொல்வான்?

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையிலேயே அவள் வாசலில் பந்தல் ஏறிவிட்டது. மூன்று பிளாக்கும் இறங்கி வந்துவிட்டது. சத்தம் வரும் என்று சொன்ன மனுஷர்தான் ஸ்பீக்கர் கொண்டுவந்து கொடுத்தார். அடுப்பில் பிரியாணி கொதித்தது. பெண்கள் அவர்கள் பாஷையில் பாடப் பாட, அர்த்தம் தெரியாமலே குடியிருப்புப் பெண்களும் கை தட்டினார்கள். ரவிச்சந்திரன் பாதையில் ஒருவரையும் நிற்க விடவில்லை. ஆனால் தானே அதன் நடுவில் நின்று இரண்டு தடவை ஆடிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

பச்சை மணி வைத்த இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. பூபாலனும் சரசாவும் உட்கார்ந்திருந்தார்கள். சரசா பட்டுப் புடவை கட்டி, தீபிகா கொடுத்த மணிமாலையைக் கழுத்தில் போட்டிருந்தாள். மேளம் உரத்தது. மாப்பிள்ளை தேவா மாலையும் கழுத்துமாகச் சுவர் ஓரத்துக் கூடாரத்திலிருந்து வெளியே வந்து, பந்தலை நோக்கித் திரும்பினான். நேர் எதிரே சரசா உட்கார்ந்திருந்தாள்.

பூபாலன் துள்ளி எழுந்தார். "சரசா, எந்திரி, எந்திரி! மருமவன் வர்றான், நீ நேர் எதிர்ல உக்காந்துகினு கீற! நீ அவனுக்கு மாமியா மொறையில்ல?" அவளை எழுப்பி, நாற்காலியைத் தூக்கி மரத்தைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். அது போதாதென்று சற்றுத் தள்ளி நின்று, நாற்காலி இன்னும் கொஞ்சம் திரும்ப வேண்டுமா என்று ஒரு கண்ணை மூடி அளந்து பார்த்தார். அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவருக்கே தோன்றியது, செய்தார்.

பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த பானுப்பிரியா இதைப் பார்த்தாள். மேளச் சத்தத்தையும் மீறி மூன்று பிளாக்குக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"அண்ணே! வா, வந்து பொண்ணு கையப் புடிச்சுக் குடு."

பூபாலன் யாரைக் கூப்பிடுகிறாள் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. சட்டையின் கழுத்து பட்டனைப் போட்டுக்கொண்டு வேகமாக நடந்து போனார்.